சேலையை மண்ணாக்கும் குழம்பு: டர்பனில் கிடைக்கும் மூன்று வகைகளும் சூளைச் சேவையும்

துணியை மண்குழம்பில் தோய்த்துச் சுட்டால் துணி எரிந்துபோகும், அதன் நெசவு மட்டும் மண்ணில் நிற்கும். ஒப்பந்தக் கூலிகளின் வரலாற்றையும் சாதியையும் பெண்களின் கூலியில்லா உழைப்பையும் கேள்வி கேட்க நினைக்கும் படைப்பாளிக்கு இவ்வளவு பொருத்தமான முறை வேறு அதிகம் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மண்பாண்டப் பொருள் விற்கும் கடைக்குப் போய் ஒரு வாளி ‘ஸ்லிப்’ கேட்டால் கிடைப்பது அச்சில் ஊற்றிக் கோப்பை செய்வதற்கான வார்ப்புக் குழம்பு. அதைத் துணிக்கு எப்படிப் பழக்குவது, எந்தத் துணி தாங்கும், சூளைக்காரரிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். வாளியில் வரும் வெள்ளை மண்குழம்பு, வாளியில் வரும் போர்சலின் குழம்பு, தூளாக வாங்கி நாமே கரைத்துக்கொள்ளும் செம்மண் என மூன்று வகை. ஏறக்குறைய ஒரே சரக்கு பல இடங்களில் கிடைப்பதால் கடைப் பெயர்களைச் சேர்க்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கோணி, காடா போன்ற முரட்டுத் துணிக்குச் செம்மண். மல் துணிக்கும் பின்னல் லேஸுக்கும் போர்சலின். கை பழகும்வரை வெள்ளை மண். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: சூளையில் முதல் 600 டிகிரி மெதுவாக ஏற வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத சூளையில் எவ்வளவு உயர்ந்த குழம்பும் வீண்.

எவ்வளவு குழம்பு வேண்டும் என்ற கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நல்ல வார்ப்புக் குழம்பின் அடர்த்தி 1.75 அளவில் இருக்கும். அதாவது 100 மில்லி அளந்து எடை போட்டால் 175 கிராம் காட்ட வேண்டும். வாங்கியவுடன் இதைச் செய்து பாருங்கள். 165க்குக் கீழே இருந்தால் தண்ணீர் அதிகம், காயும்போது விரிசல் விடும். 175 கிராம் அடர்த்தியில் ஒரு லிட்டருக்குள் சுமார் 1.2 கிலோ உலர்மண் இருக்கிறது. சுடுவதற்கு முன் 2 மில்லிமீட்டர் தடிமன் வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் துணிக்கு ஏறக்குறைய 2.8 லிட்டர் செலவாகும். ஆக 5 லிட்டர் வாளி ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குத்தான் வரும். ஐந்தரை மீட்டர் சேலை முழுவதையும் தோய்க்க வேண்டுமென்றால் 18 லிட்டர் வேண்டும், காய்ந்தபின் அது 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்கிச் சூளையில் வைக்கவும் முடியாது, அந்த அளவுக்குச் சூளையும் அமையாது. முந்தானை மட்டும், கொசுவம் மட்டும், ஒரு முழம் கரை மட்டும் என்று பிரித்துச் செய்வதே வழி. ஒரு துண்டு 40 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது.

இனி துணி. கிரே ஸ்ட்ரீட் என்று இன்னமும் நாம் அழைக்கும் டாக்டர் யூசுஃப் டாடூ தெருவில் மலிவாகக் கிடைக்கும் சேலைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் ஜார்ஜெட். இந்த வேலைக்கு அது ஆகாது. செயற்கை இழை தண்ணீரைக் குடிக்காது, அதனால் குழம்பு நூலுக்குள் இறங்காமல் மேலே படலமாக ஒட்டி நிற்கும். காய்ந்ததும் அந்தப் படலம் சில்லு சில்லாக உதிரும். உதிராமல் சூளைவரை போய்ச் சேர்ந்தாலும் 250, 260 டிகிரியில் பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை விடும், சூளைத் தட்டில் கறையாகப் படியும். சர்க்கரை, அரிசி வரும் இன்றைய பின்னல் சாக்குகளும் பாலிப்ரோப்பிலீன்தான், அவை அதற்கும் முன்பே உருகிவிடும். சணல் கோணியைத் தேடிப் பிடியுங்கள்.

துணி பருத்தியா என்று ஐயம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். பட்டு முடி கருகும் நாற்றம் தரும். பட்டில் செய்யலாம், ஆனால் சூளைக்காரரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். ஜரிகைக்கும் ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் ஜரிகை எரிந்துபோகும், செம்புக் கம்பி கலந்த பழைய ஜரிகை கறுப்பாகவோ பச்சையாகவோ தடம் விடும். அந்தத் தடத்தை வேண்டுமென்றே பயன்படுத்தலாம், தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை அலசி எடுங்கள், இல்லாவிட்டால் நூல் மண்ணை ஏற்காது. தோய்ப்பதற்கு முன் துணி ஈரமாக, ஆனால் சொட்டாமல் இருக்க வேண்டும். முற்றிலும் காய்ந்த துணி குழம்பிலிருக்கும் தண்ணீரை மட்டும் சட்டென உறிஞ்சிக்கொள்ளும், மண் அங்கங்கே கட்டியாக நிற்கும்.

குழம்பை வாளியின் அடிவரை நன்றாகக் கலக்கி, 60 கண் (அங்குலத்துக்கு 60 துளை) சல்லடையில் வடித்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மிக்ஸியால் அடித்தால் காற்றுக் குமிழ்கள் நுழையும், ஒவ்வொரு குமிழும் சுட்டபின் ஊசித்துளை. முதல் தோய்ப்பில் துணியை இரண்டு மூன்று நிமிடம் குழம்புக்குள் வைத்து, கையால் அமுக்கி அமுக்கி ஊட்ட வேண்டும், இட்லித் துணியை நனைப்பதுபோல அல்ல, தலைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல. பிறகு மெல்ல வழித்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய பானைமீதோ காகிதப் பந்துமீதோ போர்த்தி மடிப்புகளை அமையுங்கள். பாரிஸ் சாந்து அச்சை இதில் பயன்படுத்தாதீர்கள். அதன் பொடி மண்ணில் கலந்தால், சுட்டுப் பல நாள் கழித்துக்கூட ஈரத்தை இழுத்து உப்பி, மேற்பரப்பைத் தெறித்துப் பெயர்க்கும்.

இரண்டாம் பூச்சுக்கு நேரம் பார்ப்பதில்தான் கைத்திறன். முதல் பூச்சு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் பூசினால் மடிப்பு சரியும். முழுவதும் காய்ந்தபின் பூசினால் புதுப் பூச்சு கொப்புளம் கட்டி உரியும். டர்பனில் ஜூன், ஜூலையில் இந்தப் பதம் ஒரே நாளில் வந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல்காற்றின் ஈரத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும், துணியில் பூஞ்சையும் பிடிக்கும். மின்விசிறியை நேராகக் காட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, அறைக் காற்று மட்டும் நகரும்படி விட்டால் போதும். தூரிகையால் மெல்லிய மூன்று பூச்சு, தடித்த ஒரு பூச்சைவிடப் பல மடங்கு மேல்.

குழம்பு கெட்டியாகத் தெரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றுவது பெரிய தவறு. வார்ப்புக் குழம்பில் சோடியம் சிலிக்கேட் போன்ற இளக்கி சேர்த்திருப்பார்கள். அதனால் குறைந்த தண்ணீரிலேயே மண் ஓடும், சுருக்கமும் குறையும். அசையாமல் வைத்தால் தயிர்போல உறையும், கலக்கினால் மறுபடி ஓடும். முதலில் ஐந்து நிமிடம் கலக்கிப் பாருங்கள். அப்போதும் ஓடவில்லையென்றால் சோடியம் சிலிக்கேட்டைச் சொட்டுச் சொட்டாக விடலாம். அளவு மீறினால் குழம்பு பாகுபோல நூலிழுக்கும், அடியில் பாறையாகப் படியும். மூன்றாம் பூச்சுக்குச் சற்றுக் கெட்டி தேவைப்படுகிறதா? ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், சரிவில் வழியாமல் நிற்கும். வாளி முழுவதற்கும் வினிகர் விட்டால் அந்த வாளி அச்சு வார்ப்புக்கு உதவாது.

வெள்ளை மண்குழம்பு மூன்றிலும் பொறுமைசாலி. 1060 டிகிரியை ஒட்டிச் சுட்டால் 5 முதல் 8 விழுக்காடுதான் சுருங்கும், அமைத்த மடிப்பு அமைத்தபடி நிற்கும். நெசவு ஓரளவே தெரியும், மல் துணியின் நுணுக்கம் இதில் மங்கிவிடும். சுட்டபின்பும் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் வெளியில் வைக்கும் படைப்புக்கு வேண்டாம். பள்ளிப் பட்டறைக்கும் சங்க மண்டபப் பயிலரங்குக்கும் இதையே சொல்வோம்.

போர்சலின் அழகில் இணையற்றது. ஊடும் பாவும் தனித்தனியாகத் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களில் விளக்கைப் பின்னால் வைத்தால் ஒளி ஊடுருவும். ஆனால் 1220 டிகிரிக்கு மேல் அது மெழுகைப் போல இளகும். நிமிர்ந்து நிற்கும் முந்தானை, சுட்டு வெளியே வரும்போது தலைசாய்ந்திருக்கும். 13 விழுக்காடு சுருக்கம் என்று வைத்துக்கொண்டால் 40 சென்டிமீட்டர் துண்டு 35க்கு வந்துவிடும். அடியில் தாங்கும் உருளையையும் அதே மண்ணில் செய்தால்தான் இரண்டும் சேர்ந்து சுருங்கும், இடையில் அலுமினாத் தூள் தூவினால் ஒட்டாது. நிமிர்த்துவதைத் தவிர்த்துத் தொய்ந்து கிடக்கும் வடிவங்களையே தேர்ந்தால் போர்சலினின் குறையே குணமாகிவிடும். களைத்துப்போய்க் கழற்றிப் போட்ட சேலை எப்படிக் கிடக்குமோ அப்படியே அது கிடக்கும்.

செம்மண்ணைத் தூளாக வாங்குவதால் செலவும் குறைவு, நிறமும் நம் மண்ணின் நிறம். இதில் ஒரு சிக்கல்: செம்மண்ணில் கரையும் உப்புகள் இருப்பதால் சோடியம் சிலிக்கேட் பல சமயம் எடுபடாது. அதைச் சரிசெய்யப் பேரியம் கார்பனேட் சேர்க்கும்படி சொல்வார்கள், அது நஞ்சு. வீட்டில் செய்பவர்கள் தொடவே வேண்டாம். பதிலாக, தண்ணீரில் ஊறி மசிந்த காகிதக் கூழைக் கால் பங்கு சேருங்கள்: நான்கு குவளைக் குழம்புக்கு ஒரு குவளைக் கூழ். கழிவறைக் காகிதமே போதும். காகித நார் பச்சை மண்ணுக்குள் நாராக நின்று விரிசலைத் தடுக்கும், காய்ந்த துண்டைத் தூக்கும்போது உடையாது. இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது பழமொழி. காய்ந்த மண்ணும் ஈர மண்ணும்கூட வழக்கமாக ஒட்டாது. காகிதம் கலந்த மண்ணில் காய்ந்த துண்டின் விரிசலை ஈரக் குழம்பால் அடைக்க முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் வைத்தால் கூழ் அழுகி நாறும், அதனால் வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

சூளைச் சேவைக்கு வருவோம். பொதுவாக இடத்துக்கேற்பக் கட்டணம் வாங்குவார்கள்: ஒரு தட்டு, அரைச் சூளை, முழுச் சூளை. மற்றவர்களின் கோப்பைகளோடு நம் துண்டையும் வைத்துச் சுடும் மலிவான ஏற்பாட்டை ஏற்காதீர்கள். கோப்பைக்கான வேகத்தில், மணிக்கு 150 டிகிரி என்று ஏற்றினால் நான்கே மணி நேரத்தில் 600ஐத் தொட்டுவிடும். உள்ளே இருக்கும் பருத்தி எரிந்து வெளியேற அது போதாது. புகை மண்ணுக்குள் சிக்கிக் கரியாகத் தங்கும், உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்புக் கோடு தெரியும். போர்சலின் என்றால் பிறகு உப்பிக் கொப்பளிக்கும். துணியின் இரு பக்க மண்ணும் அப்பளம்போலத் தனித்தனியாகப் பிரிந்துவிடவும் கூடும்.

எழுதிக் கொடுக்க வேண்டிய அட்டவணை இது. மணிக்கு 60 டிகிரி வீதம் 120 வரை, அங்கே 2 மணி நேரம் நிறுத்தம். மறுபடி மணிக்கு 60 வீதம் 600 வரை. அதுவரை சூளையின் மேல்துளை திறந்தே இருக்கட்டும். புகையும் நாற்றமும் நின்றபின் மூடலாம். அதற்குப் பின் மணிக்கு 120 வீதம் செம்மண்ணுக்கு 1040 வரை, வெள்ளை மண்ணுக்கு 1060 வரை, போர்சலினுக்கு 1220 வரை. செம்மண்ணுக்கு ஏறுவதற்கு மட்டும் 15 மணி நேரம், போர்சலினுக்கு 17. ஆறுவதற்கு ஏறக்குறைய இன்னும் ஒரு நாள். முதலில் தாழ்வாகச் சுட்டு, எடுத்து, மீண்டும் சுடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். தாழ்வாகச் சுட்ட மெல்லிய ஓடு முட்டை ஓட்டைவிட எளிதில் நொறுங்கும், கையாளும்போதே பாதி போய்விடும். புகை கம்பிச்சுருள்களின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் சூளைக்காரர் தயங்குவது நியாயமே. அதற்கென்று கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுப்பதுதான் முறை. எந்தத் துணி, எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுத்தால் நம்பிக்கை வரும்.

லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) பற்றிக் கேட்காமல் திரும்பாதீர்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கன்ட்ரோலரா, மொத்தமாக நின்றுவிடும் கன்ட்ரோலரா? விட்ட வெப்பத்திலிருந்து, விட்ட வேகத்திலேயே தொடர்ந்தால் 600க்குக் கீழே பெரிய சேதம் இல்லை. ஆறும்போது மின்சாரம் போனால் கவலையே இல்லை. உச்சத்தை நெருங்கும்போது போனால் மண் வேக்காடு குறைந்துபோகும். அதைக் கண்டுபிடிக்க, துண்டின் பக்கத்தில் ஒரு கூம்பு (உரிய வேக்காடு வந்ததும் வளையும் சிறு மண்கூம்பு) வைக்கச் சொல்லுங்கள். மீட்டரில் என்ன எண் இருந்தாலும் கூம்பு வளைந்ததா என்பதே சாட்சி.

ஜூலு பெண்கள் உகாம்பா என்னும் பானையைச் சுடுவதுபோலப் பின்கட்டில் குழிவெட்டிச் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நெஸ்டா நாலா போன்ற மேதைகளின் பானைகள் திறந்த நெருப்பைத் தாங்கியது மண்ணின் தேர்வாலும் தலைமுறைக் கைப்பழக்கத்தாலும். வார்ப்புக் குழம்பு மாவாக அரைத்த மண், வெப்ப அதிர்ச்சியைத் தடுக்கும் மணலோ ஓட்டுத்தூளோ அதில் இல்லை. பத்தே நிமிடத்தில் வெடித்துச் சிதறும்.

எழுத்தும் எண்ணும் பொறிப்பதற்கு மூன்றும் ஏற்றவை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனின் நேட்டால் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, இவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைத் துணியில் அச்சிடுவதற்கும் மண்ணில் அழுத்துவதற்கும் வேறுபாடு இருக்கிறது. அச்சு மேலே நிற்கும், அழுத்தம் உடலுக்குள் இறங்கும். இரண்டாம் பூச்சு தோல்போல இறுகிய பதத்தில் முத்திரையை அழுத்துங்கள். எழுத்து 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சுருங்கியபின் படிக்க முடியாது. மூன்றாம் பூச்சு பள்ளத்தை நிரப்பிவிடும் என்பதால் அந்த இடத்தைத் தவிர்த்துப் பூசவும். சுட்டபின் எழுத்து அடர்நிறத்தில் தெரிய, சுடுவதற்கு முன்னரே இரும்பு ஆக்சைடை ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி எனக் கரைத்துப் பள்ளத்தில் விட்டு, மேற்பரப்பை ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். ஒரு குடும்பத்தின் எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தக் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் துணியையும் மண்ணையும் வைத்து அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்கள் முன்பே உண்டு. வீட்டுப் பணிப்பெண்ணின் நீலச் சீருடையை அரசியின் உடையாக விரித்தார் மேரி சிபாண்டே. காங்கா என்னும் அச்சிட்ட பருத்தித் துணியில் அரசியல் வாசகங்களைத் தைக்கிறார் லாரன்ஸ் லெமாவானா. கிழக்கு கேப்பின் கீஸ்கம்மா கூட்டுக்குழுப் பெண்கள் எச்ஐவி சாவுகளை 2005இல் ஒரு பலிபீடத் திரையாகத் தைத்தார்கள். 1985இல் தொடங்கிய ஆர்ட்மோர் மண்பாண்டப் பட்டறை அதே துயரத்தை மண்ணில் வனைந்தது. இவர்களிடம் துணி துணியாகவே இருக்கிறது, மண் மண்ணாகவே இருக்கிறது. தோய்த்துச் சுடும் முறையில் துணி தன்னை இழந்து வடிவத்தை மட்டும் விட்டுச்செல்கிறது. உழைத்தவர் போய்விட, அவர் உடுத்தியதின் மடிப்பு மட்டும் மிஞ்சும். கரும்புத் தோட்டத்தில் பெயரில்லாமல் முடிந்துபோனவர்களைப் பற்றிப் பேசுவதற்கு இந்த முறையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். இதனால்தான் நெசவு தெளிவாக விழ வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறோம். நெசவு மங்கினால் பார்ப்பவருக்கு அது வெறும் பீங்கான் அலங்காரம்.

தூசியைப் பற்றியும் ஒரு சொல். காய்ந்த குழம்பை உரசினால் பறக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், ஈரப் பஞ்சால் துடையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் மெழுகுங்கள். எஃப்எஃப்பி2 முகக்கவசம் அணியுங்கள்.

மாட்டுவதற்கான துளைகளை ஈரத்திலேயே 6 மில்லிமீட்டர் விட்டத்தில், ஓரத்திலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர் உள்ளே போடுங்கள், சுருங்கியபின் 5க்கு வரும். கம்பியைத் துளையில் இறுக்கிக் கட்டாமல் இடையில் ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் ஓரம் பெயராது. காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லும்போது குமிழித்தாளை நேராகச் சுற்றாதீர்கள், மடிப்பு விளிம்புகளை அது பிடித்திழுக்கும். பெட்டியில் பழைய பருத்திச் சேலையைக் கசக்கிப் பரப்பி, துண்டை அதன்மேல் கிடத்தி, உட்குழிவிலும் அதே துணியைத் தளர்வாக நிரப்பி, மேலே இன்னொரு அடுக்கு மூடுங்கள். பெட்டியைக் காரின் இருக்கையில் வையுங்கள், பின்பெட்டியில் வேண்டாம்.